டிக் தளத்தின் நான்காம் பதிப்பு: புதை பட்டனை எடுத்த பிறகு நடந்தவை

ஓர் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது, பயனர்கள் சேர்ந்து இயங்கப் பயன்படுத்திய வசதிகளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? செய்தி இணைப்புகளைப் பயனர்களே ஓட்டுப் போட்டு மேலேற்றிய டிக் (Digg) தளத்தில் 2010 ஆகஸ்டில் நடந்ததைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இணையத் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "டிசைனை மாத்தினாங்க, ஆளெல்லாம் போயிட்டாங்க." அந்த ஒரு வரி தப்பான பாடத்தைக் கற்றுத் தருகிறது என்பது என் கருத்து. அதனால் முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்போம். சம்பந்தப்பட்டவர்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

டிக் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. எங்கோ படித்த செய்தியின் இணைப்பை ஒருவர் கொண்டுவந்து போடுவார். மற்றவர்களுக்குப் பிடித்திருந்தால் 'டிக்' பட்டனை அழுத்துவார்கள். தோண்டி மேலே எடுக்கிறோம் என்று பொருள். போதுமான ஓட்டு விழுந்தால் அந்த இணைப்பு முதல் பக்கத்துக்கு ஏறும். விளம்பரம், பொய்ச் செய்தி, ஏற்கெனவே வந்தது என்று தோன்றினால் அழுத்துவதற்கு 'புதை' என்ற பட்டன் இருந்தது. பலர் புதைத்தால் அது காணாமல் போய்விடும். எது மேலே வரவேண்டும் என்று தீர்மானிக்க ஆசிரியர் குழு எதுவும் கிடையாது. அதைப் பயனர்களே பார்த்துக்கொண்டார்கள்.

தமிழ்மணம், தமிழிஷ் போன்ற பதிவுத் திரட்டிகளின் காலத்தில் வலைப்பதிவு எழுதியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதிவில் ஓட்டுப்பட்டையை வைத்துவிட்டு, ஓட்டு ஏறியிருக்கிறதா என்று மணிக்கு நாலு தடவை போய்ப் பார்த்தோமே, அதே வகைதான். அளவுதான் வேறு. டிக்கின் முதல் பக்கத்தில் ஏறிய சின்னத் தளங்கள் கூட்டம் தாங்காமல் படுத்துவிடும். அதற்கு 'டிக் எஃபெக்ட்' என்றே ஒரு பெயர் இருந்தது. 2008இல் கூகுள் சுமார் 20 கோடி டாலருக்கு இதை வாங்கப் பேசிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. அந்தப் பேச்சு முறிந்துபோனது.

இந்தப் பயனர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது 2007 மே 1 அன்றே தெரிந்துவிட்டது. எச்டி டிவிடி வட்டுகளின் பூட்டைத் திறக்கும் ஒரு நீண்ட எண் இணையத்தில் கசிந்து, டிக்கிலும் ஏறியது. சட்ட நோட்டீஸ் வந்ததும் நிர்வாகம் அந்த இணைப்புகளை நீக்கத் தொடங்கியது. பயனர்கள் விடவில்லை. நீக்க நீக்க மறுபடி போட்டார்கள். சில மணி நேரத்தில் முதல் பக்கம் முழுக்க அந்த எண்ணாகவே ஆனது. அன்று இரவே நிறுவனர் இறங்கிவந்தார். வழக்கு வந்தால் வரட்டும், இனி நீக்கமாட்டோம் என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரவு முக்கியம். கோபம் வந்தால் ஒரு சில மணி நேரத்தில் ஒன்றுசேரத் தெரிந்த கூட்டம் இது. ஒன்றுசேர அவர்கள் பயன்படுத்திய இடமும் டிக்தான்.

புதுப்பிக்க நினைத்ததற்குக் காரணங்கள் இருந்தன

நிர்வாகம் காரணமே இல்லாமல் கைவைத்தது என்று சொன்னால் அது நியாயமாகாது. தளத்தில் நிஜமான நோய் இருந்தது.

முதல் பக்கத்தை ஒரு சிறு கூட்டம் பிடித்து வைத்திருந்தது. 2006இல் வெளியான ஒரு கணக்குப்படி, முதல் பக்கத்துக்கு ஏறிய இணைப்புகளில் பாதிக்கும் மேல் முதல் 100 பயனர்கள் போட்டவை. நண்பர் பட்டியலில் இருக்கும் ஒருவர் எதைப் போட்டாலும் மற்றவர்கள் போய் ஓட்டுப் போடுவார்கள், அவரும் பதிலுக்குப் போடுவார். இப்படி ஏறும்போது புதிதாக வந்தவருக்கு வாய்ப்பே கிடைக்காது. புதை பட்டனில் இன்னொரு சிக்கல். யார் புதைத்தார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தங்களுக்கு ஒவ்வாத அரசியல் செய்திகளை ஒரு குழு திட்டமிட்டுச் சேர்ந்து புதைத்துவந்தது 2010 ஆகஸ்ட் தொடக்கத்தில், புதிய பதிப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான், அம்பலமானது.

பணப் பிரச்சினையும் இருந்தது. செய்தி இணைப்புகளைப் பகிர மக்கள் ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். தளத்துக்கு வரும் கூட்டம் குறைய, முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய நெருக்கடி. 2010 ஏப்ரலில் அதுவரை இருந்த தலைமை அதிகாரி விலகினார். நிறுவனரே தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான்காம் பதிப்பு அவர் தலைமையில் வெளியே வந்தது.

எடுத்த முடிவுகள்

மிகப் பெரிய மாற்றம் 'மை நியூஸ்' என்ற பக்கம். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் ஒரே முதல் பக்கத்தைப் பார்த்துவந்த இடத்தில், இனி அவரவர் பின்தொடரும் ஆட்களும் நிறுவனங்களும் தரும் செய்திகள் அவரவருக்கு வரும். அந்தச் சிறு கூட்டத்தின் பிடி இதனால் தளரும் என்பது எதிர்பார்ப்பு. ட்விட்டரில் இருப்பதுபோலவே இருக்கிறதே என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை.

இரண்டாவது முடிவு, பத்திரிகைகளும் செய்தித் தளங்களும் தங்கள் ஆர்எஸ்எஸ் (RSS) ஓடையை, அதாவது புதிதாக வெளியிடுபவற்றைத் தானாக அனுப்பும் பட்டியலை, டிக்கோடு இணைத்துவிடலாம் என்பது. அவர்கள் வெளியிடும் செய்தி தானாகவே டிக்கில் வந்து விழும். இணைப்பைத் தேடிக் கொண்டுவர ஒரு மனிதர் தேவைப்படாது.

அப்புறம் நீக்கிய வசதிகள். புதை பட்டன் போனது. நண்பர்கள் போட்ட இணைப்புகளை ஒரே இடத்தில் பார்க்கும் வசதி, பிடித்தவற்றைச் சேமித்து வைக்கும் பட்டியல், உட்பிரிவுகள், வீடியோப் பகுதி, பழைய இணைப்புகளுக்குள் தேடும் வசதி, எல்லாம் போயின. 'அப்கமிங்' பக்கமும் போனது.

இந்த அப்கமிங் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வந்து விழும் எல்லா இணைப்புகளும், இன்னும் ஓட்டு விழாத நிலையில், வரிசையாக நிற்கும் இடம் அது. பார்க்க அழகாக இருக்காது. பெரும்பாலும் குப்பை. சாதாரண வாசகர் அங்கே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் ஒரு சிலர் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, நல்லதற்கு ஓட்டுப் போட்டு, கெட்டதைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கீரையை ஆய்ந்து பழுத்த இலையைத் தள்ளி வைப்பது மாதிரியான வேலை. சம்பளம் கிடையாது. மற்றவர்களுக்கு முதல் பக்கம் சுத்தமாக வந்ததற்குக் காரணம் இவர்கள்தான். இவர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் கணக்குப் பார்த்தால் எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்.

தொழில்நுட்பத்திலும் ஒரு பெரிய முடிவு எடுத்தார்கள். தளத்தை முழுவதுமாகத் திரும்ப எழுதினார்கள். தகவல்களைச் சேமிக்கப் பயன்படுத்திவந்த மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை விட்டுவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸுக்கு மாறினார்கள். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓட்டும் அளவுக்கு சர்வர்கள் இல்லை. அதனால் மூன்றாம் பதிப்பை நிறுத்தி, அதே இயந்திரங்களில்தான் நான்காம் பதிப்பை ஏற்றினார்கள். அதாவது, திரும்பிப் போக வழி வைக்கவில்லை.

முன்பே வந்த எச்சரிக்கை

அழைப்பின் பேரில் சிலருக்கு மட்டும் சோதனைப் பதிப்பு முன்பே கொடுக்கப்பட்டது. போட்டித் தளமான ரெடிட்டின் இணை நிறுவனர் ஒருவர் 2010 மே மாதமே டிக் நிறுவனருக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். பிரபலமான மற்ற தளங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியதுபோல இருக்கிறது, மக்கள் கையில் அதிகாரத்தைக் கொடுப்பது என்ற உங்கள் அடிப்படையை விட்டு விலகுகிறீர்கள், இதில் முதலீட்டாளர் தலையீடு தெரிகிறது என்பது அதன் சாரம். போட்டியாளர் சொல்வதை எவ்வளவு தூரம் எடுத்துக்கொள்வது என்பது கஷ்டமான கேள்விதான். ஆனால் அவர் சுட்டிக்காட்டியது சரியான இடத்தை.

ஆகஸ்ட் 25: வெளியீடு

வெளியிட்ட நாளிலிருந்தே தளம் தள்ளாடியது. சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. புதிய பதிப்பின் இதயமான மை நியூஸ் பக்கமே வராமல் போக, எல்லாருக்கும் பொதுவான 'டாப் நியூஸ்' பக்கத்தை முன்னால் காட்டிச் சமாளித்தார்கள். பிறகு மை நியூஸை ஒருவர் புதிதாக எழுதவேண்டி வந்தது.

அப்போது அங்கே வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் பல வருடம் கழித்து எழுதிய குறிப்பில் ஒரு பிழையை விவரிக்கிறார். நிரல் எழுதுபவர்கள் எல்லாருக்கும் அது வயிற்றைக் கலக்கும். பயனர் விவரங்களை எடுத்துவரும் ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலின் ஒரு சிறு பகுதி, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியது. பட்டியல் எதுவும் தராவிட்டால் காலிப் பட்டியலை வைத்துக்கொள் என்று அதில் எழுதியிருந்தது. பைத்தானில் அந்தக் காலிப் பட்டியல் ஒரே ஒரு தடவைதான் உருவாகும். அடுத்த தடவையும் அதே பட்டியல்தான் வரும், முன்பு போட்டதெல்லாம் அதிலேயே இருக்கும். நேற்று வாங்கிய காய்கறியைப் பையிலிருந்து எடுக்காமலே இன்றும் அதே பையோடு கடைக்குப் போவது மாதிரி. பை கனத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் சர்வர் படுத்துவிடும். காரணம் பிடிபடுகிற வரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கித்தான் தளத்தை ஓட்டினார்கள். இப்படிப் பல நாள் போனது.

தளம் திறக்காத கோபமும் வசதிகள் போன கோபமும் ஒரே நேரத்தில் வந்ததுதான் இந்த நிகழ்வின் மிகச் சிக்கலான பகுதி என்று நினைக்கிறேன். திறக்கவில்லை என்பது சரிசெய்யக்கூடிய குறை, சரிசெய்ததும் அந்தக் கோபம் தணியும். வசதிகளை எடுத்தது வேண்டுமென்றே செய்த முடிவு. இரண்டும் கலந்து வரும்போது எல்லாமே கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தோன்றுவது இயல்பு. பொறியாளர்கள் இரவு பகலாக சர்வரோடு போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில், பயனர்கள் தளம் திறந்த சமயங்களில் உள்ளே வந்து தங்கள் பட்டன்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 30: வெளியேறும் நாள்

வெளியீட்டுக்கு ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. அன்று எல்லாரும் டிக்கை விட்டு விலகுவது என்று பயனர்கள் நாள் குறித்தார்கள். போகிற போக்கில் அவர்கள் செய்தது நினைவில் நிற்கும் காரியம்.

செய்தி நிறுவனங்களுக்காகக் கொண்டுவந்த தானியங்கி வசதி வழியே ரெடிட்டின் ஓடையும் டிக்குக்குள் வந்துகொண்டிருந்தது. பயனர்கள் மற்ற எதையும் தொடாமல், ரெடிட்டிலிருந்து வந்த இணைப்புகளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டார்கள். டிக்கின் முதல் பக்கம் முழுவதும் போட்டித் தளத்துக்கு வழிகாட்டும் பலகையானது. ரெடிட் தன் சின்னத்தில் டிக்கைக் குறிக்கும் மண்வெட்டியைச் சேர்த்து, வருகிறவர்களை வரவேற்றது.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. பழைய பதிப்பில் இப்படி ஒரு வெள்ளம் வந்திருந்தால், அதை விரும்பாத பயனர்கள் புதைத்திருக்க முடியும். டிக்கை நேசித்து, விட்டுப்போக மனமில்லாத ஆட்களும் அன்று இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. மேலே ஏற்ற ஒரு பட்டன் இருந்தது, கீழே இறக்க எதுவும் இல்லை.

இறங்கிவந்ததும், அதன் பிறகும்

நிறுவனர் தன் வலைப்பதிவில் பதில் எழுதினார். எது மேலே வரும் என்று கணக்கிடும் முறையைச் சரிசெய்கிறோம், சில வசதிகளைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றார். செப்டம்பர் 1 அன்று புதிய தலைமை அதிகாரி பொறுப்பேற்றார். அவர் அக்டோபர் 12 அன்று, நீக்கிய பல வசதிகள் திரும்ப வரும் என்று விவரமாக எழுதினார்.

இடையில் கூட்டம் கரைந்துவிட்டது. ஹிட்வைஸ் என்ற அளவீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, சில வாரங்களுக்குள் அமெரிக்காவிலிருந்து வரும் பார்வைகள் சுமார் கால் பங்கும், பிரிட்டனிலிருந்து வருபவை மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. டிக்கிலிருந்து தங்கள் பக்கத்துக்கு வரும் வாசகர்கள் குறைந்துவிட்டதாகச் செய்தித் தளங்களும் சொன்னன. அவர்களுக்காகத்தானே தானியங்கி வசதியைக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் கடைசியில் ஊழியர்களில் 37 விழுக்காட்டினர் வேலை இழந்தார்கள். 2011 மார்ச்சில் நிறுவனர் விலகினார்.

2012 ஜூலையில் டிக் மூன்று துண்டாக விற்கப்பட்டது. பெயரும் தளமும் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்துக்கு, செய்திகளின்படி சுமார் 5 லட்சம் டாலருக்குப் போயின. காப்புரிமைகள் லிங்க்ட்இன்னுக்கும், ஊழியர்களில் ஒரு பகுதி வாஷிங்டன் போஸ்ட்டின் துணை நிறுவனத்துக்கும் போயின. நான்கு வருடம் முன்பு 20 கோடி என்று பேசப்பட்ட தளம் இது. 2025 மார்ச்சில் டிக்கின் நிறுவனரும், அன்று அவருக்குத் திறந்த கடிதம் எழுதிய ரெடிட் இணை நிறுவனரும் சேர்ந்தே டிக்கைத் திரும்ப வாங்கினார்கள்.

இந்த வீழ்ச்சி முழுவதையும் ஒரு டிசைன் மாற்றத்தின் தலையில் கட்டமுடியாது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் எப்படியும் வளர்ந்திருக்கும். நான்காம் பதிப்பு வராமலே இருந்திருந்தாலும் டிக் மெதுவாகத் தேய்ந்திருக்கலாம். ஆனால் மெதுவாகத் தேயும் தளத்துக்கு யோசிக்க அவகாசம் இருக்கும். இங்கே ஐந்து நாளில் அந்த அவகாசம் போய்விட்டது.

என்ன மாற்றியிருக்கலாம்

மக்களுக்கு மாற்றம் பிடிக்காது, கொஞ்ச நாள் கத்துவார்கள், பிறகு பழகிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நிறம், எழுத்துரு, பட்டனின் இடம் போன்றவற்றுக்கு அது பெரும்பாலும் சரி. டிக்கில் எடுத்தது வேலை செய்யும் கருவிகளை. பயனர் பழகுவதற்கு அங்கே வேலையே மிச்சமில்லை. செய்தியைக் கொண்டுவரும் வேலையை ஆர்எஸ்எஸ் எடுத்துக்கொண்டது, குப்பையைத் தள்ளும் வேலைக்கான பட்டன் போனது, புதிதாக வந்ததை அலசும் இடம் போனது. மிஞ்சியது படிப்பது மட்டும். படிக்க மட்டும் என்றால் அதற்கு வேறு எத்தனையோ தளங்கள் இருந்தன.

புதை பட்டனைத் திட்டமிட்ட குழுக்கள் தவறாகப் பயன்படுத்தியது உண்மை. அதற்கு எல்லார் கையிலிருந்தும் பிடுங்கத் தேவையில்லை. எப்போதும் சேர்ந்தே புதைக்கும் கணக்குகளின் ஓட்டுக்கு எடை குறைக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்கலாம். முதல் 100 பேரின் பிடிக்கும் இதே வழிதான். நண்பர்களிடமிருந்து மட்டும் வரும் ஓட்டுக்குக் குறைந்த மதிப்பு கொடுத்தால் போதும். மை நியூஸ் நல்ல யோசனைதான். அதைப் பக்கத்தில் ஒரு தாவலாக வைத்து, விரும்பியவர்கள் மாறிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம்.

செய்தி நிறுவனங்களின் ஓடையை நேரே உள்ளே விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர்களுடைய செய்தியும் மற்ற எல்லாருடையதும்போல அப்கமிங் வரிசையில் நின்று, ஆட்கள் கையால் தேறி மேலே வந்திருக்க வேண்டும்.

திரும்பிப் போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் வாடகை அதிகம் என்பது தெரியும். சில வாரத்துக்காவது பழைய பதிப்பை உயிரோடு வைத்திருக்க ஆன செலவு, பிறகு இழந்ததோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

முன்கூட்டிச் சொல்வதும் ஒரு மரியாதை. 2017இல் திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி தன் விவாதப் பலகைகளை மூடியபோதும் பயனர்கள் கொதித்தார்கள். ஆனால் பிப்ரவரி 3 அன்று அறிவித்து 20ஆம் தேதிதான் மூடினார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஆர்வலர்கள் பழைய உரையாடல்களில் நிறையவற்றை நகலெடுத்து வேறு இடத்தில் சேர்த்துவைக்க முடிந்தது. டிக்கில் ஒருவர் வருடக்கணக்காகச் சேமித்த பட்டியலைத் தேடி வந்தபோதுதான் அது இல்லை என்பதே தெரிந்தது.

கடைசியாக ஒன்று. அப்கமிங் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து அலசியவர்கள் யார் யார் என்பது நிறுவனத்தின் டேட்டாபேஸிலேயே இருந்திருக்கும். அந்தப் பக்கத்தை எடுக்கும் முன் அவர்களில் நூறு பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இது இல்லாவிட்டால் நீங்கள் இங்கே என்ன செய்வீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். ஒரு வாரத்துக்குள் பதில் வந்திருக்கும்.